கீழே குடியிருப்பு, மேலே வாடகை

சொந்தமாகக் கட்டும் முதல் வீட்டின் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு, இன்னொரு பகுதியை வாடகைக்கு விட்டு, வரும் வாடகையைக் கடன் தவணைக்குத் துணையாக வைத்துக்கொள்வது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்கு பழகிய வழி. தாம்பரத்துக்கு அப்பால் எழும் புதுநகர்களிலும், கோவை, மதுரை, திருச்சி ஊர்களின் புறநகர்த் தெருக்களிலும் நடந்து போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கேட்டைத் திறந்ததும் பக்கவாட்டில் மாடிக்கு ஏறும் வெளிப்படிக்கட்டு, சுவரில் அடுத்தடுத்து இரண்டு மின் மீட்டர்கள், கம்பிக் கதவில் நூலால் கட்டித் தொங்கும் ‘டு லெட்’ அட்டை. கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர்.

இதற்கு முந்தைய உருவம் ஒண்டுக்குடித்தனம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் முற்றத்தைச் சுற்றி ஒன்றிரண்டு அறைகளில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். கிணறும் கழிப்பறையும் பொது. வீட்டுச் சொந்தக்காரர் பல இடங்களில் அதே வீட்டின் முன்கட்டில் இருந்தார். சென்னையில் ‘ஸ்டோர்’ என்று சொன்ன நீளமான வரிசைக் குடியிருப்புகளும் இந்த வகைதான். ஆனால் அன்று, பெரும்பாலும் கையில் இருந்த பழைய வீட்டைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். இன்று வாடகைக்கென்றே ஒரு தளத்தைக் கடன் வாங்கி எழுப்புகிறார்கள். இந்த வேறுபாடு பெரியது. அன்று குடித்தனம் வராவிட்டால் வருமானம் குறைந்தது, அவ்வளவுதான். இன்று மாடி பூட்டிக் கிடந்தாலும் மாதாமாதம் தவணை கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே வாடகையை நம்பி எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதும், வாடகைக்கான பகுதி காகிதத்திலும் கட்டடத்திலும் முதல் நாளிலிருந்தே இருக்கிறதா என்பதும்தான் இந்த முயற்சியின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் இதே வழிக்குக் கடன் முறையே கைகொடுக்கிறது. அங்கே 1934இல் ஏற்பட்ட கூட்டரசு வீட்டுக்கடன் காப்புறுதி அமைப்பு, நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடத்துக்கும் முதல் வீட்டுக்கு உரிய எளிய நிபந்தனைகளிலேயே காப்புறுதி தருகிறது. வாங்குபவர் 60 நாளுக்குள் அதில் ஒரு பகுதிக்குக் குடிவந்து ஓராண்டாவது இருக்க வேண்டும். கடன் மதிப்பெண் 580-க்குக் குறையாதிருந்தால் 3.5 சதவீதம் கைப்பணம் போதும். பாஸ்டனின் மூன்றடுக்கு மரவீடுகளும் சிகாகோவின் இரட்டைக் குடியிருப்புகளும் உழைப்பாளிக் குடும்பங்கள் கீழே இருந்து மேலே வாடகைக்கு விட்டுக் காப்பாற்றிய வீடுகள். இந்தியாவில் அப்படி ஒரு தனி ஏற்பாடு இல்லை. இங்கே வங்கியின் கண்ணில் இரண்டு தளமும் சேர்ந்து ஒரே வீடு, கடனும் வழக்கமான வீட்டுக் கடன்தான்.

கைப்பணமும் கடனும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இவை உச்சவரம்புகள். வங்கி கட்டாயம் தந்தாக வேண்டிய அளவுகள் அல்ல. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகள் பொதுவாக இந்த மதிப்பில் சேராது. இந்த விஷயத்தில்தான் பலருடைய கணக்கு இடறுகிறது. மாடியோடு கட்டிய வீட்டை 60 லட்சத்துக்கு வாங்கினால் கடன் அதிகபட்சம் 48 லட்சம், கைப்பணம் 12 லட்சம் என்று தோன்றும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5,40,000 ரூபாய். உண்மையில் கையில் வேண்டியது 17,40,000. இந்த இடைவெளியை நகைக் கடனாலோ தனிநபர் கடனாலோ அடைத்துவிட்டு, அந்தத் தவணைகளையும் மாடி வாடகை கட்டிவிடும் என்று நம்புவது மிகவும் ஆபத்தானது.

மனை ஏற்கெனவே சொந்தமாக இருந்து அதில் கட்டுகிறவர்களுக்குச் சுமை குறைவு. தமிழ்நாட்டில் இந்த முறை அதிகம் பலன் தருவதும் இவர்களுக்குத்தான். பெற்றோர் கொடுத்த மனையாகவோ, பத்தாண்டுக்கு முன் சீட்டுப் பணத்தில் வாங்கிப் போட்டதாகவோ அது இருக்கும்.

வங்கி கடனை மொத்தமாகக் கொடுத்துவிடாது. அஸ்திவாரம் எழும்பி பேஸ்மென்ட் மட்டம் வந்ததும் ஒரு பகுதி, லிண்டல் மட்டத்தில் ஒரு பகுதி, தளம் போட்டதும் ஒரு பகுதி, பூச்சு வேலையின்போது மீதி என்று, வங்கியின் பொறியாளர் வந்து பார்த்தபின் விடுவிக்கும். அதுவரை கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை அந்தக் குடும்பம் வேறொரு வாடகை வீட்டில் இருப்பதால் வாடகை ஒருபுறம், வட்டி ஒருபுறம் என்று இரட்டைச் செலவு. மழையாலோ மேஸ்திரியின் ஆள் பற்றாக்குறையாலோ வேலை நான்கு மாதம் தள்ளிப்போனால் இந்த இரட்டைச் செலவும் நான்கு மாதம் நீளும். அந்தப் பணத்தைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒரு கணக்கு

அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை. கீழே 800, மேலே 800 சதுர அடி. கணக்குக்காகக் கீழ்த்தளத்துக்குச் சதுர அடி 2,400 ரூபாய் என்று கொண்டால் 19,20,000 ஆகும். மேல்தளத்துக்கு அஸ்திவாரச் செலவு தனியாக இல்லாததால் 2,000 என்று வைத்தால் 16,00,000. வெளிப்படிக்கட்டு, சம்ப், ஆழ்துளைக் கிணறு, சுற்றுச்சுவர், அனுமதிக் கட்டணம், மின் இணைப்புகள் எல்லாம் சேர்த்து 4 லட்சம். மொத்தம் 39,20,000. இதில் 30 லட்சம் கடன், மீதி 9,20,000 கைப்பணம்.

வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 4,785 மட்டும். 20 ஆண்டும் கட்டி முடிக்கையில் செலுத்தியது ஏறத்தாழ 62,48,000 ஆகியிருக்கும்.

மேல்தளத்துக்கு மாதம் 11,000 ரூபாய் வாடகை என்போம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாத வாடகையும் வரும் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர இடைவெளி விழும். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு காலக்கணக்கே உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் மே மாதத்தில்தான் வீடு தேடும். ஆகவே பதினோரு மாதம் என்று வைத்தால் 1,21,000. சுண்ணாம்பு, பெயின்ட், குழாய் ரிப்பேர், சொத்துவரி என்று 13,000 கழித்தால் 1,08,000 நிற்கும். மாதத்துக்கு 9,000.

மொத்தத் தவணையோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குதான். ‘குடித்தனக்காரரே கடனைக் கட்டிவிடுவார்’ என்று உறவினர்கள் கூட்டத்தில் தைரியம் சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஆனால் கணக்கை இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும், அதுதான் சரியான பார்வையும்கூட. கீழ்த்தளம் எப்படியும் கட்ட வேண்டிய வீடு. மேல்தளத்துக்காகக் கூடுதலாக வாங்கிய 16 லட்சத்தின் தவணை 13,885 ரூபாய். அதற்கு எதிரே 11,000 வாடகை நிற்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் வாடகை உயர்ந்தால் ஆறாம் ஆண்டில் 14,039 ஆகி அந்தத் தவணையைத் தாண்டிவிடும். பத்தாண்டு கழித்து 17,900 ரூபாயைத் தொடும். தவணையோ, வட்டி மாறாதவரை, அதே இடத்தில் நிற்கும். தனியாக ஒரு அடுக்ககக் குடியிருப்பை வாங்கி வாடகைக்கு விட்டால் அதன் விலையில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம்தான் வாடகை வரும். மனை விலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். இங்கே 16 லட்சத்துக்கு 1,32,000, அதாவது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். தான் குடியிருக்கும் வீட்டின் தலைமேல் கட்டுவதில் உள்ள உண்மையான ஆதாயம் இதுதான்.

வட்டி மாறாதவரை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் உள்ளவை. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் இத்தகைய கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீத உயர்வு. மேலே சொன்ன கடனில் வட்டி 8.5 என்பது 10.5 ஆனால் தவணை 29,950 ரூபாயைத் தொடும். வாடகையில் கிடைத்த ஆறுதலில் ஏறத்தாழப் பாதி அதிலேயே போய்விடும்.

ஆகவே இப்படிக் கட்ட நினைப்பவர், மாடி ஓராண்டு முழுக்கக் காலியாக இருந்தாலும் சம்பளத்திலிருந்தே கட்டக்கூடிய தவணைக்கு மேல் கடன் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. வங்கிகளும், எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைத் தாண்டாமல்தான் பார்க்கின்றன. கட்டப்போகும் மாடியில் வரக்கூடிய வாடகையை ஓரளவு வருமானத்தில் சேர்த்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. சேர்த்துக்கொண்டு கூடுதலாகக் கடன் தர முன்வந்தால் அதை மறுக்கும் மனவுறுதி கடன் வாங்குபவருக்கு வேண்டும்.

அந்த உறுதி இருந்தால் வாடகையை வேறொரு வேலைக்கு வைக்கலாம். மாதம் 9,000 ரூபாயைத் தவணைக்கு மேல் அசலில் கட்டிவந்தால், 20 ஆண்டுக் கடன் பதினோரு ஆண்டில் முடிந்துவிடும். வட்டியில் மிச்சமாவது ஏறத்தாழ 16 லட்சம், மேல்தளம் கட்டிய செலவுக்குச் சமம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே தடுத்திருக்கிறது. கடனின் முதல் சில ஆண்டுகளில் கட்டும் கூடுதல் ரூபாய்க்குத்தான் வலிமை அதிகம். வாடகை வரத் தொடங்கியதும் கார் வாங்கும் யோசனை எழுவதும் அதே ஆண்டுகளில்தான்.

காகிதத்தில் இருக்கும் மாடி

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மொட்டைமாடித் தூண்களிலிருந்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் காணலாம். ‘பணம் வந்ததும் மேலே போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டவை. நான்கைந்து மழைக்காலம் கடந்தபின் அந்தக் கம்பியைக் கையால் தொட்டால் செதிலாக உரிந்து துரு விரலில் ஒட்டும். துரு தூணின் தலைக்குள்ளும் இறங்கியிருந்தால் அந்தக் கம்பியோடு சேர்த்து மேல்தளத்தை எழுப்புவது சரியல்ல. மேலே கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் கம்பிகளைச் சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடிவைப்பது அன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் வேலைதான்.

அஸ்திவாரமும் அப்படியே. ஒரே தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின்மேல் பிற்பாடு இன்னொரு தளம் ஏற்றுவது, பொறியாளர் சோதித்துச் சொல்லாமல் செய்யக் கூடாத காரியம். பில்லர் போட்ட வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா என்பது பழைய வீடு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டட அனுமதியிலும் இரண்டு தளமும் இருக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மாடியையும் எழுப்பும் வழக்கம் பரவலாக உண்டு. அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள பரப்பளவுக்குத்தான் வங்கி கடன் தரும், வரைபடத்தில் இல்லாத மாடி கைக்காசில்தான் எழ வேண்டும். விற்கப் போகும்போதும் வாங்குபவருடைய வங்கி அதே வரைபடத்தைக் கேட்கும். இப்போது அனுமதி வாங்குவது முன்பைவிட எளிது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அரை கிரவுண்டில் கீழும் மேலுமாகக் கட்டுகிற குடும்பத்துக்காகவே அளந்தது போன்ற வரம்பு இது. ஆகவே மாடியை வரைபடத்தில் காட்டாமல் கட்டுவதற்கு இனி நியாயம் சொல்ல முடியாது.

மற்றபடி வங்கி கேட்பவை எல்லா வீட்டுக் கடனுக்கும் பொதுவானவை. தாய்ப்பத்திரம் தொடங்கிக் கிரயப் பத்திரங்களின் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, வங்கி வக்கீலின் கருத்துரை. கடன் ஒப்புதலானதும் மூலப் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம், வழக்கில் எம்.ஓ.டி., சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். அந்தச் செலவும் கைப்பணத்தில்தான்.

குடித்தனக்காரருக்குத் தனி வாழ்க்கை

வெளிப்படிக்கட்டு, தனி மீட்டர், தனித் தொட்டி. இந்த மூன்றும் இல்லாத மாடி, ஆள் நிலைக்காத மாடி. ஹால் வழியாக ஏறும் உட்படிக்கட்டு வீட்டுக்கு அழகுதான், ஆனால் குடித்தனம் வைக்க உதவாது. மீட்டர் தனியாக இல்லாவிட்டால் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்ற பேச்சு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மனத்தாங்கலில் முடியும். வீட்டு இணைப்புகளுக்கு 2016இலிருந்து இருமாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாடிக்கு முறையாகத் தனி இணைப்பு வாங்கியிருந்தால் அந்தச் சலுகை குடித்தனக்காரருக்கு நேராகப் போகும், பில்லும் அவர் பொறுப்பு.

மீட்டரைவிட மனக்கசப்பு தருவது தண்ணீர். சம்ப் ஒன்று, மோட்டார் ஒன்று, மேலே சின்டெக்ஸ் தொட்டியும் ஒன்று என்றால், ஏப்ரல் மாதத்தில் காலை ஆறு மணிக்குக் குழாயில் காற்று வரும்போது யார் அதிகம் செலவழித்தது என்ற கேள்வி மாடிப்படியில் ஏறி இறங்கும். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுச் சமையலறைக்குள் இருந்தால், வீட்டுக்காரர் ஊருக்குப் போன நாளில் மேல்வீட்டில் குளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. தொட்டியை இரண்டாகப் போட்டு, சுவிட்சைப் படிக்கட்டடியில் பொதுவாக வைத்துவிட்டால் போதும். கோவையில் போல் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், புழங்க உப்புத் தண்ணீர் என்று இரண்டு வகை வரும் ஊர்களில் குழாய்ப் பாதைகளும் இரட்டையாகும். அதைச் சுவர் பூசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். துணி உலர்த்த மொட்டைமாடி யாருக்கு, இரண்டாவது இருசக்கர வண்டி எங்கே நிற்கும் என்பவை சிறு விஷயங்களாகத் தெரியும். நல்ல குடித்தனக்காரர் ஆறு ஆண்டு இருப்பதும் ஆறே மாதத்தில் காலி செய்வதும் இவற்றைப் பொறுத்துத்தான்.

ஒத்தியும் அட்வான்சும்

பூச்சு வேலையின்போது பணம் தட்டுப்பாடானால் பலருக்கும் தோன்றும் வழி, மாடியை வாடகைக்கு விடாமல் மொத்தத் தொகைக்கு விடுவது. தென்மாவட்டங்களில் ஒத்தி, வடக்கே போக்கியம், நகரங்களில் இப்போது லீஸ். குடிவருபவர் 5 லட்சம் தருவார், மூன்று ஆண்டு வாடகையின்றி இருப்பார், போகும்போது 5 லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார். வட்டி இல்லாத பணம் போலத் தெரிகிறது. கணக்கு போட்டால் நிலைமை வேறு. ஆண்டுக்கு 1,21,000 ரூபாய் வாடகையை இழந்து 5 லட்சம் பெறுவது 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். வங்கி 8.5 சதவீதத்துக்குத் தரும்போது இது நட்டமே. ஒத்தித் தொகை 14 லட்சத்தைத் தாண்டினால்தான் கணக்கு சரியாகும்.

சட்டத்தின் சிக்கலும் உண்டு. வங்கியிடம் அடமானத்தில் உள்ள வீட்டை வங்கியின் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குப் போக்கியம் எழுதுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவது. சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆன தொகைக்கான போக்கிய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டியது. வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு வாங்கும் ஒத்திப் பணத்துக்குக் குடிவருபவரிடம் போதிய பாதுகாப்பு இல்லை. வீட்டுக்காரர் தவணை தவறி வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், வாழ்நாள் சேமிப்பை ஒத்தியாகக் கொடுத்த அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும். மாடியை ஒத்திக்கு விட நினைப்பவர் அந்தக் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயமும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்தப் பணத்தில் கிரில் கதவும் பெயின்ட்டும் முடித்தவர்கள் ஏராளம். அது வருமானமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் கையில் பணமில்லாமல், அடுத்தவர் வந்து அட்வான்ஸ் தரும்வரை அவரைக் காக்க வைப்பது இன்றும் நடக்கிறது. முன்பணத்தை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவைத்தால் அந்த நிலை வராது.

வரிக் கணக்கு

வருமான வரியில் குடியிருக்கும் தளமும் வாடகைத் தளமும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். குடியிருக்கும் தளத்துக்கு வருமானம் இல்லை என்று கொள்வார்கள். வாடகைத் தளத்துக்கு வந்த வாடகையிலிருந்து அந்த ஆண்டில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழிக்கலாம், ரசீது தேவையில்லை. பிறகு கடன் வட்டி. இரண்டு தளமும் ஒரே பரப்பளவானால் வட்டியும் பாதிப் பாதி.

மேலே சொன்ன வீட்டில் முதல் முழு ஆண்டின் வட்டி ஏறத்தாழ 2,52,700. பாதி 1,26,350. வாடகை 1,21,000இல் சொத்துவரி 4,000 போக 1,17,000. அதில் 30 சதவீதம் போக 81,900. வட்டியையும் கழித்தால் 44,450 ரூபாய் நட்டம். ஆக வாடகைக்கு வரி இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவர் இந்த நட்டத்தையும், குடியிருக்கும் தளத்துக்கான 1,26,350 வட்டியையும், இரண்டும் சேர்ந்து 2 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அசலாகக் கட்டிய 59,700 ரூபாயும் 80சி பிரிவின் ஒன்றரை லட்சத்துக்குள் வரும்.

2023-24 நிதியாண்டிலிருந்து தானாகப் பொருந்தும் புதிய முறையில் குடியிருக்கும் தளத்தின் வட்டிக்குச் சலுகை கிடையாது. வாடகைத் தளத்தின் வட்டியை மட்டும் வாடகையிலிருந்து கழிக்கலாம். நட்டம் வந்தால் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. ஆண்டுகள் போகப் போக வட்டி இறங்கி வாடகை ஏறும்போதுதான் இந்தக் கழிவின் அருமை தெரியும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம் 2025இல் பிரிவு எண்கள் மாறுகின்றன, கணக்கின் அமைப்பு இதேதான். கட்டுமானக் காலத்தில் கட்டிய வட்டியையும் வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம பங்காகக் கழிக்கலாம் என்பது பலரும் மறந்துபோவது. அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒப்பந்தமும் உறவும்

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், கட்டடத்தின் ஒரு பகுதியில் தானே குடியிருக்கும் வீட்டுக்காரருக்கென்று ஒரு தனி வழி இருந்தது. குடும்பம் பெருகி இடம் போதவில்லை என்றால் மற்றப் பகுதியைத் திரும்பக் கேட்டு அவர் மனுச்செய்யலாம். 2019 பிப்ரவரி 22 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றிய தமிழ்நாடு வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் நடக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இதற்குப் பொருந்தாது. வேறு உடன்பாடு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. குடியிருப்புக்குள் போக வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்தக் கூடாது.

கீழேயே குடியிருக்கும் வீட்டுக்காரர் கடைசி இரண்டு விதிகளை மீறும் வாய்ப்பு அதிகம். ஒரே கூரைக்கடியில் இருப்பதால் மாடியும் தன் வீடுதானே என்ற எண்ணத்தோடு, சொல்லாமல் மேலே ஏறிப்போவதும், வாடகை தாமதமானால் மோட்டாரைப் போடாமல் இருப்பதும் உரிமை போலத் தோன்றலாம். ஒப்பந்தக் காலம் முழுவதும் மாடி குடித்தனக்காரருடைய வீடு. வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடுவதிலும் வரம்பு உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு, கட்டடக் குத்தகை மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கடன் ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையான நிபந்தனை இருக்கலாம், எனவே டு லெட் அட்டையைக் கட்டுவதற்கு முன் அதை ஒரு முறை வாசித்துவிட வேண்டும்.

கடைசித் தவணை கட்டி முடித்ததும் இரண்டு வேலைகள் மீதம் இருக்கும். வங்கியிலிருந்து மூலப் பத்திரங்களைத் திரும்பப் பெறுவது ஒன்று. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்றும், தங்கள் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எம்.ஓ.டி. பதிவுக்கு எதிராகக் கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது மற்றொன்று. இதைச் செய்யாமல் விட்டால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் தொடர்ந்து தெரியும். பதிவுக்குப் பின் புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்து, பத்திரங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.